வயதைச் சொல்லாத இசிஜி

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் தன் 4 வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் நாலாக மடித்த இசிஜி தாள். சளி, இருமலுக்குக் காட்டப் போன இடத்தில் குழந்தை "நெஞ்சு வலிக்குது" என்று சொல்ல, எதற்கும் பார்த்துவிடலாம் என்று இசிஜி எடுத்திருக்கிறார்கள். தாளின் மேல் மூலையில் மெஷினே ஆங்கிலத்தில் இரண்டு வரி அச்சடித்திருந்தது. இதயத்தின் முன்பக்கச் சுவருக்கு ரத்த ஓட்டம் குறைவாக இருக்கலாம், வலது கீழறை தடித்திருக்கலாம் என்பது அதன் பொருள். மெடிக்கல் ஷாப்பில் இருந்த தம்பி அதைப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

"டாக்டரம்மா, பாப்பாவுக்கு அட்டாக்குன்னு மெஷினே எழுதிடுச்சுங்க. இத்தன சின்னப் புள்ளைக்கு வருமாங்க?"

தாளைப் பிரித்து முதலில் பார்த்தது அலைகளை அல்ல, வயது போடும் இடத்தை. காலியாக இருந்தது. வயது கொடுக்காவிட்டால் பல மெஷின்கள் எதிரில் படுத்திருப்பவர் பெரியவர் என்றே எடுத்துக்கொள்ளும். லீட் என்பது இதயத்தின் மின்சாரத்தை ஒரு கோணத்திலிருந்து காட்டும் கோடு. மார்பில் வைக்கும் ஆறு லீட்களில் முதல் மூன்றில், அதாவது வி1 முதல் வி3 வரை, டி அலை தலைகீழாக இருந்தது. வி1 லீடில் ஆர் அலை கொஞ்சம் உயரம். ஐம்பது வயதுக்காரர் தாளாக இருந்தால் நானும் பதறியிருப்பேன். 4 வயதுக் குழந்தைக்கு டி அலை அங்கே அப்படித்தான் இருக்க வேண்டும். விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தில் விரலால் லேசாக அழுத்தினேன். "அங்கதான்" என்றாள். பத்து நாள் இருமலில் வந்த தசை வலி, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாய் அதற்குள் கோயம்புத்தூர் போக வண்டி பேசி, அதற்குக் கடனும் வாங்கியிருந்தார்.

குழந்தைகளின் இசிஜி பற்றி நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான். வயதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தத் தாளைப் படிக்கவே முடியாது. ஊட்டியிலிருந்து கோயம்புத்தூர் சுமார் 85 கிலோமீட்டர், குன்னூர் வழியாக இறங்கினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் மரம் விழுந்தால் ரோடு அடைபட்டுவிடும். இங்கே ஒரு இசிஜியைத் தவறாகப் படித்தால் அதற்கான விலை இரண்டு பக்கமும் உண்டு. நல்ல குழந்தையை வீணாக மலையிலிருந்து கீழே அனுப்பிவிடலாம், அல்லது அன்றிரவே இறங்கியிருக்க வேண்டிய குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

சரி, அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இசிஜி இதயத்தின் படம் இல்லை. இதயத் தசை வழியாக மின்சாரம் ஓடும் நேரத்தையும் திசையையும் தோலுக்கு மேலிருந்து பிடித்து வரையும் கோடு அது. நெதர்லாந்தின் வில்லெம் எயின்தோவன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை மருத்துவத்துக்குப் பயன்படும்படி செய்தார், 1924இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. பி, கியூ, ஆர், எஸ், டி என்று அலைகளுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். பி அலை மேலறைகள் இயங்குவதைக் காட்டுகிறது. கியூஆர்எஸ் என்ற கூரான பகுதி கீழறைகளுடையது. டி அலை கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராகி ஓய்வுக்குத் திரும்புவது. தாள் நொடிக்கு 25 மி.மீ. ஓடுகிறது, ஆகவே ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி, பெரிய கட்டம் 0.2 நொடி. இதெல்லாம் எல்லா வயதுக்கும் ஒன்றுதான். எந்த அறை பெரியது, எந்த அறையின் மின்சாரம் தாளில் ஓங்கி நிற்கிறது என்பதுதான் வயதுக்கு வயது மாறுகிறது.

வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு நுரையீரலில் வேலை இல்லை. ரத்தத்தில் மிகச் சிறிய பங்குதான் அங்கே போகும். வலது கீழறை தள்ளும் ரத்தத்தில் பெரும்பகுதி டக்டஸ் என்ற குறுக்குக் குழாய் வழியாக நேராக உடலுக்கே போய்விடும். அதாவது வலது கீழறையும் உடல் முழுவதற்கும் பம்ப் அடிக்கிறது. அதனால் நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு வலது கீழறைதான் கனம். இடதின் எடையை வலதின் எடையால் வகுத்தால் பிறக்கும்போது சுமார் 0.8. ஒரு மாதத்தில் அது 1.5 ஆகிறது, ஆறு மாதத்தில் 2, பெரியவரானதும் 2.5. முதல் அழுகையோடு நுரையீரல் விரிய, அங்குள்ள அழுத்தம் இறங்க, வலது கீழறையின் பாரம் குறைகிறது. இடது கீழறை வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. இந்தக் கைமாற்றம் முழுவதும் இசிஜி தாளில் எழுதப்படுகிறது.

பிறந்த குழந்தைக்கு மின்சாரத்தின் மொத்தத் திசை, ஆக்சிஸ் என்பது, வலது பக்கம் சாய்ந்திருக்கும். வி1 லீடில் ஆர் அலை உயர்ந்து நிற்கும். வாரங்கள் போகப் போக அது இறங்கி, வி6 லீடில் ஏறும். இதில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி, வி1 லீடின் டி அலை. பிறந்த முதல் சில நாட்கள் அது நிமிர்ந்திருக்கலாம். ஒரு வாரத்துக்குள் கவிழ்ந்துவிட வேண்டும். கவிழ்ந்தது ஏழு, எட்டு வயது வரை அப்படியே இருக்கும். அப்புறம் மெல்ல வி3, வி2 என்று ஒவ்வொன்றாக நிமிரும். சில பிள்ளைகளுக்குப் பதின்பருவம் வரை கவிழ்ந்தே இருப்பதும் உண்டு. ஆகவே 3 மாதக் குழந்தைக்கு வி1 லீடில் டி அலை அழகாக நிமிர்ந்திருந்தால், பெரியவர்களின் தாள் பார்த்துப் பழகிய கண் "நார்மல்" என்று கடந்து போகும். அதுதான் ஆபத்து. வலது கீழறை இன்னும் பெரும் அழுத்தத்தை எதிர்த்து வேலை செய்கிறது என்பதற்கு அது ஒன்றே போதுமான அறிகுறி. ஆர் அலை உயரமாக இல்லாவிட்டாலும் எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன், எடுக்க வேண்டும்.

துடிப்பின் வேகமும் அப்படியே. 1979இல் மாண்ட்ரியாலில் 2,141 குழந்தைகளின் இசிஜியை வைத்து வெளியான அட்டவணையைத்தான் உலகம் முழுக்க இன்றும் புரட்டுகிறார்கள். அதன்படி பிறந்த முதல் நாளில் நிமிடத்துக்கு 93 முதல் 154 வரை இயல்பு. வேகம் உச்சத்துக்குப் போவது பிறந்த அன்று இல்லை, ஒன்று முதல் மூன்று மாதத்தில். அப்போது 121 முதல் 179 வரை. 12 வயதுக்கு மேல் 60 முதல் 119. வேகமாக ஓடும் இதயத்துக்கு இடைவெளிகளும் குறுகலாக இருக்கும். மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் வந்து சேரும் பிஆர் இடைவெளி பெரியவருக்கு 0.20 நொடி வரை இருக்கலாம். கைக்குழந்தைக்கு 0.18 வந்தாலே அது நீளம். கியூஆர்எஸ் அகலம் கைக்குழந்தைக்கு இரண்டு சின்னக் கட்டத்தைத் தாண்டக் கூடாது. இந்த எண்களை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அட்டவணையை இசிஜி அறைச் சுவரில் ஒட்டி வைத்தால் போதும்.

படிப்பதற்கு முன்னால் எடுப்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் பாதித் தவறு இங்கேயே நடக்கிறது. டிசம்பர், ஜனவரியில் புல்வெளியில் உறைபனி படியும் ஊர் இது. அந்தக் குளிரில் குழந்தையின் ஸ்வெட்டர், குல்லாய், உள்சட்டை எல்லாம் கழற்றி, ஐஸ் மாதிரி ஜெல்லியை நெஞ்சில் தடவினால் என்ன ஆகும்? குழந்தை நடுங்கும். அந்த நடுக்கம் தாளில் ரம்பப் பல் போலப் பதியும். மேலறை படபடப்பு என்று அதைப் படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹீட்டர் போட்டு அறையைச் சூடாக்கி, ஜெல்லி டியூபைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பொத்தி, குழந்தையைத் தாயின் மடியிலேயே கம்பளியோடு படுக்க வைத்து, மார்பு மட்டும் தெரியும்படி திறந்தால் போதும். பால் குடித்த கையோடு தூங்கும் நேரம் கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும்.

அடுத்தது எண்ணெய். நம் வீடுகளில் குழந்தையைக் குளிப்பாட்டி, தேங்காயெண்ணெய் தடவி, மேலே பவுடரும் கொட்டித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவோம். அந்தத் தோலில் எலக்ட்ரோடு ஒட்டாது. வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துக் காய விட வேண்டும். பெரியவர்களுக்கான ரப்பர் பல்பு கப்புகளைக் கைக்குழந்தையின் மார்பில் வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஜெல்லி ஒரு கப்பிலிருந்து அடுத்த கப்புக்கு வழிந்து இணைந்துவிட்டால் வி1 முதல் வி6 வரை ஆறு லீடும் ஒரே மாதிரி வரும். ஆறும் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தால் முதலில் ஜெல்லியைத் துடையுங்கள். சின்ன ஒட்டும் எலக்ட்ரோடுகள் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. குழந்தைகளுக்கு வலது மார்பிலும் ஒன்று வைத்து, வி4ஆர் என்ற லீடையும் எடுப்பது நல்லது. வலது கீழறையின் பேச்சு அங்கே தெளிவாகக் கேட்கும்.

கை ஒயர்கள் இரண்டும் மாறிப்போவது இன்னொன்று. அப்போது கை, கால் ஒயர்கள் தரும் லீட்களில் முதல் லீடில் எல்லா அலையும் தலைகீழாகும், ஏவிஆர் லீடு நிமிரும். இதயம் வலது பக்கம் இருக்கும் குழந்தைக்கும் இப்படியே வரும். வேறுபாடு மார்பு லீட்களில் இருக்கிறது. வி1 முதல் வி6 வரை வழக்கமான படிவரிசை இருந்தால் ஒயர்தான் மாறியிருக்கிறது. வி6 நோக்கிப் போகப் போக அலைகள் தேய்ந்துகொண்டே வந்தால் இதயம் உண்மையாகவே மறுபக்கம் இருக்கிறது. அப்புறம், மெஷினில் இருக்கும் ஃபில்டர். கோடு சுத்தமாக வர வேண்டும் என்று 40 ஹெர்ட்ஸில் போட்டுவிடுகிறார்கள். தாள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் குழந்தையின் இதயத்தில் வேகமாக வந்து போகும் சின்னக் கூர்மைகளை அது மழுக்கிவிடும். 150 ஹெர்ட்ஸுக்குக் குறையாமல் வையுங்கள். மார்புச் சுவர் மெல்லியது என்பதால் அலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் அளவுக்கு உயர்ந்தால், மார்பு லீட்களைப் பாதி அளவில் எடுத்துவிட்டு, பாதி அளவு என்று தாளிலேயே எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்ட பாதி அளவு, படிப்பவரைச் சரியாக இரண்டு மடங்கு ஏமாற்றும்.

உயரத்தைப் பற்றி இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ கால்பங்கு குறைவு. பெரு நாட்டில் 4,000 மீட்டருக்கு மேல் உள்ள சுரங்க ஊர்களில் டாண்டே பெனலோசா என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் குழந்தைகளைப் பரிசோதித்தபோது, நுரையீரல் ரத்தக்குழாயின் அழுத்தம் சரியாக இறங்காமல், வலது பக்க ஆதிக்கம் பல ஆண்டுகள் தாளில் தங்கியிருந்ததைக் கண்டார்கள். உண்மைதான். ஆனால் நம் நீலகிரி அந்த உயரத்தில் பாதிதான். "மலைக் குழந்தை, அதனால்தான் வலது பக்கம் அதிகம்" என்று சொல்லி ஒரு தாளை ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. இந்த மாவட்டத்தில் ஆறு மாதக் குழந்தைக்கு வலது கீழறை ஓங்கியிருந்தால், மலையைக் காரணம் காட்டாமல் இதயத்தில் காரணம் தேட வேண்டும்.

இந்த மலைக்கே உரிய வேறொரு விஷயம் உண்டு. இந்தியாவில் அரிவாள் செல் நோயின் சுவடு முதன்முதலில் பதிவானது இங்கேதான். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் அதைக் கண்டார்கள். கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பிள்ளைகளிடம் இன்றும் பார்க்கிறோம். நீண்டகால ரத்தசோகையில் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக ரத்தம் தள்ள வேண்டியிருப்பதால், இடது கீழறை அகன்று, வி5, வி6 லீட்களில் ஆர் அலை உயரும். ஒல்லியான மார்பும் அதோடு சேரும்போது தாள் "இடது கீழறை வீக்கம்" என்று கத்தும். அந்தத் தாளோடு ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம் முழுமையாகும்.

இனி அன்றிரவே முடிவெடுக்க வேண்டிய தாள்கள்.

பணிக்கு வந்த ஆரம்ப வருடங்களில், ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இரவுப் பணியில் இருந்தேன். இரண்டு மாதக் குழந்தை, காலையிலிருந்து பால் குடிக்கவில்லை, வெளிறிப் போய் முனகிக்கொண்டிருந்தது. உடம்பு லேசாகச் சுட்டது. துடிப்பை எண்ண முடியவில்லை. காய்ச்சலில் வேகம் கூடியிருக்கிறது என்று நினைத்து, காய்ச்சல் மருந்தும் குளுக்கோஸும் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அந்த ஒரு மணி நேரம் வீண். இசிஜி எடுத்தபோது வேகம் 260. தாளில் முதல் துடிப்பும் கடைசித் துடிப்பும் ஒரே இடைவெளி, பி அலை என்று ஒன்றுமே இல்லை. எஸ்விடி என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் மின்சுழல் அது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே பிறவியிலேயே இருக்கும் ஒரு கூடுதல் மின்பாதையில் மின்சாரம் வட்டமடித்துக்கொண்டே இருக்கிறது. குழந்தை பிழைத்தது. ஆனால் அந்தத் தாளை நான் மறக்கவில்லை.

காய்ச்சலில் ஓடும் இதயத்தையும் மின்சுழலில் சிக்கிய இதயத்தையும் எப்படிப் பிரிப்பது? கைக்குழந்தைக்கு 220க்கு மேல் போனால் சுழலைச் சந்தேகிக்க வேண்டும். கட்டக் கணக்கில் சொன்னால், 1,500ஐ இரண்டு ஆர் அலைகளுக்கு இடையிலுள்ள சின்னக் கட்டங்களால் வகுத்தால் வேகம் கிடைக்கும். ஆக ஏழு கட்டத்துக்கும் குறைவான இடைவெளி என்றால் எச்சரிக்கை. எண்ணைவிட நம்பகமானது அதன் பிடிவாதம். காய்ச்சல் வேகம் அழுதால் ஏறும், அடங்கினால் இறங்கும். சுழல் வேகம் அழுதாலும் தூங்கினாலும் மாறாது. தொடங்குவதும் சட்டென்று, நிற்பதும் சட்டென்று.

நிறுத்துவதற்கு முதல் வழி எளிமையானது. பிளாஸ்டிக் பையில் ஐஸும் தண்ணீரும் போட்டு, மூக்கையும் வாயையும் அடைக்காமல், நெற்றியும் கண்ணும் மூடும்படி 10, 15 நொடி வைக்க வேண்டும். முகத்தில் குளிர் பட்டதும் வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைப் பிடித்து இழுக்கும். கண்ணை அழுத்தக் கூடாது, விழித்திரை கெடும். இது மருத்துவமனையில், ஆக்சிஜனும் ஆளும் பக்கத்தில் இருக்கும்போது செய்வது. வீட்டில் செய்து பார்ப்பதற்கில்லை. பலிக்காவிட்டால் அடினோசின் ஊசி, கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். அதன் ஆயுள் சில நொடிதான் என்பதால் இதயத்துக்குப் பக்கத்து ரத்தநாளத்தில் சட்டென்று செலுத்தி உடனே சலைன் தள்ள வேண்டும். பெரியவர்களுக்குக் கொடுக்கும் வெரபமிலை ஒரு வயதுக்குக் கீழே தொடவே கூடாது, இதயம் சுருண்டுவிடும். இதில் பலரும் மறப்பது ஒன்று உண்டு. ஐஸ் வைக்கும்போதும் ஊசி போடும்போதும் இசிஜி தாள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சுழல் உடையும் அந்த இரண்டு நொடித் தாள், பின்னால் பார்க்கப்போகும் இதய மருத்துவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும். நின்ற பிறகு முழு இசிஜி ஒன்று எடுக்க வேண்டும். பிஆர் குறுகி, கியூஆர்எஸ் தொடக்கத்தில் சரிவான மேடு தெரிந்தால் அது டெல்டா அலை, அந்தக் கூடுதல் மின்பாதையின் அடையாளம். 1930இல் வுல்ஃப், பார்க்கின்சன், வைட் மூவரும் விவரித்த நிலை.

இன்னொரு கைக்குழந்தைத் தாள் அரிது, ஆனால் தெரிந்திருக்க வேண்டியது. இரண்டு மூன்று மாதக் குழந்தை பால் குடிக்கத் தொடங்கியதும் வியர்த்து, வீறிட்டு அழும், வெளிறும். உரம் விழுந்திருக்கிறது என்று உரம் எடுப்பவரிடம் போவார்கள், வயிற்றுவலி என்று சொட்டு மருந்து வாங்குவார்கள். முதல் லீடிலும் ஏவிஎல் லீடிலும் ஆழமான, அகலமான கியூ அலை இருந்தால், இடது கொரனரி ரத்தக்குழாய் மகாதமனியிலிருந்து வராமல் நுரையீரல் தமனியிலிருந்து முளைத்திருக்கலாம். நுரையீரல் அழுத்தம் இறங்க இறங்க அந்தக் குழாயில் ஓட்டம் குறைந்து, குழந்தைக்கு உண்மையான மாரடைப்பே வருகிறது. அறுவை சிகிச்சையில் குழாயை இடம் மாற்றினால் பிழைக்கும் பிள்ளை அது. "குழந்தைக்கு அட்டாக் வருமா" என்று கேட்ட அந்தத் தாய்க்கு முழு உண்மையான பதில், மிக அரிதாக வரும் என்பதுதான். ஆனால் அந்தத் தாள் வேறு மாதிரி இருக்கும்.

துடிப்பு மிகவும் குறைவாக, 50, 55 என்று இருக்கும் பிறந்த குழந்தைக்கு, பி அலைகள் ஒரு தாளத்திலும் கியூஆர்எஸ் வேறு தாளத்திலும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் ஓடினால் அது முழு இதயத் தடை. தாயின் ரத்தத்தில் உள்ள ரோ எதிர்ப்பொருள் கருவிலேயே இணைப்புப் பாதையைக் கெடுத்திருக்கலாம். பல தாய்மார்களுக்குத் தங்களிடம் அது இருப்பதே அதுவரை தெரியாது. டவுன் குறைபாட்டுக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயக் கோளாறு உண்டு. அவர்களுக்கு முதல் லீடில் கியூஆர்எஸ் மேலேயும் ஏவிஎஃப் லீடில் கீழேயும் இருந்தால், ஸ்டெதாஸ்கோப்பில் கூடுதல் சத்தம் கேட்காவிட்டாலும் இதய நடுச்சுவரில் துளை இருப்பதாகவே வைத்துக்கொண்டு எக்கோவுக்கு அனுப்புங்கள். பள்ளிப் பிள்ளைக்கு மூட்டு மாறி மாறி வீங்கி, பிஆர் நீண்டிருந்தால் ருமாட்டிக் காய்ச்சலை நினைக்க வேண்டும்.

பள்ளி வயதுக்கு வருவோம். முதலில் ஒரு ஆறுதல். 8 வயதுப் பிள்ளையின் துடிப்பு ஒழுங்கில்லாமல், மூச்சை இழுக்கும்போது வேகமாகவும் விடும்போது மெதுவாகவும் போனால் பயப்படவே வேண்டாம். மூச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள், ஒழுங்காகிவிடும். ஆரோக்கியமான இளம் இதயம் அப்படித்தான் பாடும். பந்தயத்துக்கு ஓடிப் பழகும் பிள்ளைகளுக்கு ஓய்வில் 50 துடிப்பு இருப்பதும் இயல்புதான். ஆனால் வி5, வி6 லீட்களில் டி அலை கவிழ்ந்திருந்தால் அது எந்தப் பள்ளி வயதிலும் இயல்பில்லை. இதயத் தசை தடிக்கும் பரம்பரை நோய் அப்படித் தலைகாட்டும். அந்தப் பிள்ளை எக்கோ எடுக்கும் வரை மைதானத்துக்குப் போகக் கூடாது.

இந்த வயதில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது கியூடி இடைவெளி. கியூ தொடங்கும் இடத்திலிருந்து டி அலை முடியும் வரை உள்ள நேரம் அது. நீண்டுவிட்டால், அடுத்த துடிப்பு வரும்போது தசை இன்னும் தயாராகாமல் இருந்து, தாளம் குலைந்து, பிள்ளை சுருண்டு விழும், கை கால் இழுக்கும். பார்ப்பவர்களுக்கு அது வலிப்பு. வலிப்பு மாத்திரை தொடங்கி, மாத்திரைக்கு அடங்கவில்லை என்று அளவைக் கூட்டி, வருடங்கள் போன பிள்ளைகள் உண்டு. கதையைக் கேட்டால் துப்பு கிடைக்கும். நீந்தும்போது, ஓடும்போது விழுந்தாளா? காலை அலாரமோ போனோ அலறியதும் விழுந்தாளா? வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று போயிருக்கிறார்களா, தண்ணீரில் மூழ்கியிருக்கிறார்களா? இந்த மூன்று கேள்விக்கு இரண்டு நிமிடம் போதும்.

கணக்கை 1920இல் பேஸெட் என்பவர் சொன்னார். கியூடியை, இரண்டு ஆர் அலைகளுக்கு இடைப்பட்ட நேரத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். இரண்டாவது லீடை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, ஒரு தாளில் ஆர் அலைகளுக்கு நடுவே 20 சின்னக் கட்டம், அதாவது 0.8 நொடி. கியூடி 11 கட்டம், 0.44 நொடி. 0.8இன் வர்க்கமூலம் சுமார் 0.894. வகுத்தால் 0.49. மயங்கி விழுந்த கதையும் இருந்து 0.46க்கு மேல் வந்தாலே இதய மருத்துவரிடம் போக வேண்டும் என்றால், 0.49க்குக் காத்திருப்பதற்கே இடமில்லை. மெஷின் அச்சடித்த எண்ணை நம்பாமல் ஸ்கேலால் அளந்து பார்க்க வேண்டும். துடிப்பு மிக வேகமாக இருந்தால் இந்தக் கணக்கு உள்ளதைவிட நீளமாகக் காட்டும், ஆகவே அழும் குழந்தையிடம் அளக்க வேண்டாம். பொட்டாசியம், கால்சியம் குறைந்தாலும் கியூடி நீளும். அசித்ரோமைசின், ஒண்டான்செட்ரான் போல நாம் அன்றாடம் எழுதும் மருந்துகளும் நீட்டும்.

இதில் நம் சமூகம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1957இல் நார்வேயில் ஜெர்வெல், லாங்க்-நீல்சன் இருவரும் ஒரே குடும்பத்தில் பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகள் அடிக்கடி மயங்கி விழுவதையும், அவர்களுடைய கியூடி நீண்டிருப்பதையும் விவரித்தார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த வகை வரும். மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்திலேயே கட்டும் வீடுகளில் அந்த வாய்ப்பு கூடுதல். பிறவியில் காது கேளாத ஒவ்வொரு குழந்தைக்கும், காது கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்த மயக்கம் கொடுப்பதற்கு முன்னால், ஒரு இசிஜி எடுத்து கியூடியை அளந்துவிடுங்கள். அதேபோல் காய்ச்சல் இல்லாமல் முதல் முறை வலிப்பு வந்த பிள்ளைக்கும். மூளையின் மின் அலைகளைப் பார்க்கும் இஇஜிக்கு அலைவதற்கு முன்னால் இந்த ஐந்து நிமிடச் சோதனை நம் எல்லா ஊரிலும் இருக்கிறது. கியூடி நீண்டது தெரிந்துவிட்டால் பீட்டா பிளாக்கர் மாத்திரையிலேயே பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்குப் போய் நன்றாக இருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓடும்போது மட்டும் மயங்கி விழும் பிள்ளையின் படுத்த நிலை இசிஜி முழுக்க நார்மலாக இருந்தாலும் அதோடு விட்டுவிட முடியாது. அட்ரினலின் ஏறும்போது மட்டும் தாளம் கெடும் பரம்பரை நோய் ஒன்று உண்டு, அது ட்ரெட்மில்லில் ஓட வைத்தால்தான் வெளியே வரும்.

சந்தேகம் வந்தால் இப்போது எல்லோரும் தாளைப் போனில் படம் எடுத்து கோவையில் இருக்கும் இதய மருத்துவருக்கு அனுப்புகிறோம். நல்ல வழக்கம். ஆனால் வெறும் தாள் மட்டும் போனால் அவரும் அந்த மெஷினைப் போலத்தான், எதிரில் யார் என்று தெரியாமல் படிக்க வேண்டியிருக்கும். முழுத் தாளும் தட்டையாக, நிழல் விழாமல் இருக்கட்டும். தாளின் மேலேயே வயதை எழுதுங்கள், கைக்குழந்தை என்றால் நாள் கணக்கில். எடை, முழு அளவா பாதி அளவா, குழந்தை அழுததா தூங்கியதா, பால் குடிக்கிறதா, நிறம் எப்படி, ஆக்சிஜன் அளவு எத்தனை. இவ்வளவும் இருந்தால் குழந்தையைக் கீழே அனுப்புவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். குழந்தையின் பழைய இசிஜியைத் தூக்கிப் போடாதீர்கள். போன வருடம் நிமிர்ந்திருந்த அலை இந்த வருடம் கவிழ்ந்திருக்கிறதா என்பது பழைய தாள் இருந்தால்தான் தெரியும். அது வெப்பத்தில் அச்சாகும் தாள். பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தால் சீக்கிரம் மங்கிப் போகும். பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு அப்பா லேமினேஷன் செய்து கொண்டுவந்தார். மெஷின் சூட்டில் தாள் முழுவதும் கறுத்து, ஒரு கோடும் தெரியவில்லை. எடுத்த அன்றைக்கே இரண்டு ஜெராக்ஸ் போட்டு, போனிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே தேதியும் குழந்தையின் வயதும் எழுதி.